நாலில் மட்டும் சுற்றிய விசிறி

போன ஜனவரியில் ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பினேன். வெளியே மைனஸ் 18. காரை ஸ்டார்ட் செய்து ஹீற்றர் விசிறியை 1இல் விட்டேன். சத்தமே இல்லை. 2, 3 இரண்டிலும் அப்படியே. 4க்குத் திருப்பியதும் ஊரே கேட்கிற மாதிரி ஒரு இரைச்சலோடு காற்று வந்தது. சரி, ஒன்றும் இல்லாததற்கு இது பரவாயில்லை என்று அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன்.

மாலையில் அப்பாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாலில மட்டுந்தான் வருதோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா."

"அதை அப்பிடியே விடாதை. இந்தச் சனிக்கிழமை கொண்டு வா."

அப்பாவின் குரலில் இருந்த அவசரம் எனக்கு விளங்கவில்லை. அந்தச் சனிக்கிழமைதான் காரணம் தெரிந்தது. அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால், காருக்குள் சூடு எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். நான் இதைத் தேடிப் படித்தது அந்த வாரம் முழுக்க, 4இல் இரைகிற விசிறியோடு ஓடித் திரிந்தபோதுதான்.

முதல் கார்களுக்குக் கூரையே ஒழுங்காக இருக்கவில்லை. குளிர்நாட்டில் கார் வைத்திருந்தவர்கள் கம்பளிக் கோட்டும் தோல் கையுறையும் போட்டு, மடியில் தடித்த போர்வையை விரித்துக்கொண்டு ஓட்டினார்கள். சூடாக்கிய செங்கல்லைக் காலடியில் வைத்தார்கள். சிலர் கரி எரிகிற சின்ன உலோகப் பெட்டியையும் வைத்தார்கள். குதிரை வண்டியில் போனவர்கள் செய்த அதே வேலைகள்தான்.

இணையத்தில் தேடினால், கார் ஹீற்றரைக் கண்டுபிடித்தவர் மார்கரெட் வில்காக்ஸ் என்று நிறைய இடங்களில் எழுதியிருப்பார்கள். சிக்காகோவைச் சேர்ந்த பெண். 1893இல் காப்புரிமை வாங்கினார். அதன் தலைப்பும் 'கார் ஹீற்றர்' என்றுதான் இருக்கிறது. இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். துரியே சகோதரர்கள் தங்கள் பெட்ரோல் வண்டியை மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் தெருவில் ஓட்டிக் காட்டியதே 1893 செப்டம்பரில்தான். அமெரிக்காவில் கார் என்ற ஒன்று அநேகமாக இல்லாத வருடத்தில் அதற்கு யார் ஹீற்றர் செய்வார்? அந்தக் காலத்தில் 'கார்' என்ற சொல் ரயில் பெட்டியைக் குறித்தது. சொல் அப்படியே இருக்க, பொருள் மாறிவிட்டது. (நம்முடைய பழைய தமிழில் 'கார்' என்றால் மழை மேகம் என்று அம்மா சொல்வார். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஆனால் எனக்குப் பிடிக்கும்.) வில்காக்ஸ் கெட்டிக்காரி என்பதில் சந்தேகம் இல்லை. வரலாற்றைப் படிக்கும்போது வருடத்தையும் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

உண்மையான கார் ஹீற்றர் புகையில் தொடங்கியது. எஞ்சினில் இருந்து வெளியேறும் புகைக்குழாய் நன்றாகக் கொதிக்கும். அதைச் சுற்றி ஒரு தகரக் கூடு வைத்து, அந்தச் சூட்டில் படுகிற காற்றைக் காருக்குள் விட்டார்கள். 1920களின் கடைசியில் ஃபோர்ட் மாடல் ஏ காரில் இப்படித்தான் இருந்தது. விசிறி தேவையில்லை, கார் ஓடினால் காற்று தானே உள்ளே வரும். ஆனால் புகைக்குழாயில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் கார்பன் மொனொக்சைட்டும் அதே வழியாக உள்ளே வந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சூட்டோடு சேர்த்து நித்திரையும் வரும், பிறகு எழும்ப முடியாது.

1930களில் இதைவிட நல்ல யோசனை பரவியது. எஞ்சினைக் குளிர வைக்கத் தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் எப்படியும் கொதிநிலைக்குக் கிட்டப் போகிறது. அதில் கொஞ்சத்தை ஒரு குழாயால் காருக்குள் கொண்டுவந்து, சின்ன ரேடியேற்றர் ஒன்றுக்குள் விட்டு, அதன் மேல் விசிறியால் ஊதினால் போதும். வீணாகப் போகிற சூட்டுக்கு ஒரு வேலை கிடைத்தது. உங்கள் வீட்டுப் பெட்ரோல் காரில் இன்றைக்கும் இருப்பது இதே ஏற்பாடுதான். அதனால்தான் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் குளிர் காற்று வருகிறது. எஞ்சின் சூடானால்தான் தண்ணீர் சூடாகும். அப்பா சூடு வர முதலே விசிறியைக் கூட்டினால் ஏன் திட்டுகிறார் என்று இப்போது விளங்குகிறதா?

இதில் ஒரு குறை இருந்தது. அந்த விசிறி காருக்குள் இருந்த காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றியது. நாலு பேர் மூச்சு விட்டால் அந்த ஈரம் எல்லாம் குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படியும். கண்ணாடி வெளுத்துவிடும். அதற்காகக் கண்ணாடிக்கு நேரே றப்பர் இறக்கை வைத்த சின்ன விசிறி ஒன்றைத் தனியாக வாங்கிப் பூட்டினார்கள். நாஷ் என்ற அமெரிக்கக் கம்பனி 1938ஆம் ஆண்டுக் கார்களில் வேறு வழி பிடித்தது. வெளிக்காற்றை உள்ளே இழுத்து, வடிகட்டி, சூடாக்கி, விசிறியால் தள்ளியது. உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூடும், ஆகவே கதவு இடுக்குகளால் குளிர் நுழையாது, பழைய ஈரக்காற்று தானே வெளியே போகும். அடுத்த வருடம் தெர்மோஸ்டாட் சேர்த்து 'வெதர் ஐ' என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கம்பனி அதற்குச் சற்று முன்னர்தான் கெல்வினேற்றர் என்ற குளிர்சாதனப் பெட்டிக் கம்பனியோடு இணைந்திருந்தது. காற்றைப் பற்றி யோசிக்கிறவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

குளிரூட்டல் பிறகு வந்தது. 1939இல் பக்கார்ட் கம்பனி தன் 1940ஆம் ஆண்டுக் காருக்கு ஏசி காட்டியது. விலை 274 டொலர். அந்த நாளில் ஒரு மலிவான புதுக் காரின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். குளிர்விக்கும் சுருள் பின் சீற்றுக்குப் பின்னால், பொருள் வைக்கிற இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது. எனக்குப் பிடித்த விபரம் வேறு: அந்தக் கம்ப்ரசருக்கு கிளட்ச் இல்லை. எஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும். உண்மையாக நிறுத்தவேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றவேண்டும். ஓட்டுகிறவரின் கையில் இருந்த ஒரே கட்டுப்பாடு விசிறியின் சுவிட்ச். 1941க்குப் பிறகு அதைக் கைவிட்டார்கள். 1954இல் திரும்பவும் நாஷ்தான் ஹீற்றரையும் ஏசியையும் ஒன்றாக்கி, எல்லாவற்றையும் காரின் முன்பக்கத்தில் அடக்கியது. ஒரு விசிறி, இரண்டு வேலை. இன்றைய காருக்குள் இருப்பது அதன் பேரப்பிள்ளை.

ஏசிக்குள் ஓடிய வாயுவின் கதை ஒரு தனிக் கட்டுரை. சுருக்கமாக: ஃப்ரியோன் என்ற அந்த வாயு வானத்தின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1987இல் நம் நாட்டு மொன்றியல் நகரத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. 1990களின் நடுவில் புதுக் கார்களில் வாயு மாறியது.

இன்னொன்று. ஹீற்றர் நீண்ட காலம் காசு கூடக் கொடுத்து வாங்குகிற பொருளாகத்தான் இருந்தது. 1968 ஜனவரி முதல் அமெரிக்காவில் ஒவ்வொரு பயணிகள் காரிலும் முன் கண்ணாடியின் பனியையும் புகாரையும் நீக்குகிற ஏற்பாடு இருக்கவேண்டும் என்று விதி வந்தது. அந்த விதியின் இலக்கம் 103. கனடாவிலும் பிறகு அதே இலக்கத்தில் அதே விதி. இதில் பாருங்கள், சட்டம் கேட்டது உங்கள் கால் சூடாக இருக்கவேண்டும் என்பதை அல்ல. ஓட்டுகிறவருக்குத் தெரு தெரியவேண்டும் என்பதைத்தான்.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்தில் மாமாவின் கராஜில் வேலை பழகியவர். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் எல்லாம் அங்கே வரும். 1990இல் பெட்ரோல் தடை வந்தபிறகு அந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட விட்டவர்களில் அவரும் ஒருவர். ஸ்டார்ட் பண்ண மட்டும் சில துளி பெட்ரோல், பிறகு மண்ணெண்ணெய். எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்வார். ஆனால் அவர் பழகிய கார்களில் ஹீற்றர் கிடையாது. மொரிஸ் மைனருக்கு அது விரும்பினால் வாங்குகிற பொருள். யாழ்ப்பாண வெயிலில் யார் விரும்புவார்?

1992இல் ரொறன்ரோ வந்து, இரண்டு வருடம் கழித்து ஒரு பழைய கார் வாங்கினார். முதல் வின்டரிலேயே அதன் விசிறி 4இல் மட்டும் சுற்றத் தொடங்கியது. பியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. அபார்ட்மென்ட் நிலக்கீழ்ப் பார்க்கிங்கில் கார் திருத்தத் தடை. ஒரு கராஜில் கொண்டுபோய்க் காட்ட, முழு டாஷ்போர்டையும் கழற்றவேண்டும், 400 டொலர் வரும் என்றார்கள். அந்த 400 டொலர் அப்போது ஊரில் இருந்த அப்பம்மாவின் இரண்டு மாதச் செலவு. நாலாவது வேலை செய்கிறதுதானே என்று விட்டுவிட்டார். காரில் போகும்போது அம்மாவும் அப்பாவும் கத்தித்தான் கதைப்பார்களாம்.

மூன்றாவது வின்டர். 1997 பெப்ரவரி. எனக்கு மூன்று மாதம். மாமி வீட்டில் இருந்து இரவு திரும்பி வரும்போது உறைமழை. நெடுஞ்சாலையில் வைத்து அந்த நாலாவதும் நின்றுவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் கண்ணாடி முழுக்க வெள்ளை.

"ரெண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கினன்," என்றார் அப்பா. "தலையை வெளியில விட்டு ஓடினன். அம்மா உன்னைக் கோட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு, மற்றக் கையால ஹெல்த் கார்டை எடுத்து உள்பக்கக் கண்ணாடியைச் சுரண்டிச் சுரண்டி வந்தவ. லொறிகள் பக்கத்தால போகுது. முகத்தில ஐஸ். வெளியேறுற பாதை வர இருபது நிமிசம். அந்த இருபது நிமிசமும் நீ அழவே இல்லை. அதுதான் எனக்குப் பயம்."

இந்தக் கதை எனக்கு அதுவரை தெரியாது. அம்மாவிடம் கேட்டேன். "அதை ஏன் இப்ப," என்று உள்ளே போய்விட்டார்.

நானும் அப்பாவும் கராஜ் கதவை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். அந்த வாரம் படித்ததில் எனக்கு ஒரு விடயம் தெளிவாக இருந்தது. விசிறி 4இல் மட்டும் சுற்றினால் மோட்டரும் பியூஸும் உயிரோடு இருக்கின்றன. பற்றரியில் இருந்து 12 வோல்ற் வருகிறது. 4இல் அது முழுதாக மோட்டருக்குப் போகும். 1, 2, 3இல் அது ரெசிஸ்டர் என்ற சின்னப் பாகத்தின் வழியாகப் போகவேண்டும். அதில் உள்ள கம்பிச் சுருள்கள் மின்சாரத்தைத் தடுத்துக் குறைக்கும், மோட்டர் மெதுவாகச் சுற்றும். தடுத்த மின்சாரம் சூடாக மாறும். அந்தச் சூட்டில் சுருள் ஒருநாள் அறுந்தால், அதன் வழியே போன வேகங்கள் எல்லாம் செத்துவிடும், 4 மட்டும் மிஞ்சும். ஒரு வேகத்திலும் சுற்றாவிட்டால் அது வேறு கதை. பியூஸ், ரிலே, மோட்டர், அதன் பிளக் என்று வரிசையாகப் பார்க்கவேண்டும். விசிறி நன்றாகச் சுற்றியும் காற்று குளிராகவே வந்தால் குற்றம் விசிறியில் இல்லை. எஞ்சின் தண்ணீர் குறைந்திருக்கலாம். அதைப் பார்க்கிறேன் என்று சூடான ரேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும்.

பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டோம். பயணி பக்கத்து எயார்பாக் அங்கேதான் இருக்கிறது. மஞ்சள் நிற பிளக்குகளைத் தொடாதே என்று நான் சொல்ல, அப்பா சிரித்தார். கையுறைப் பெட்டியை இறக்கினால் பின்னால் விசிறியின் கூடு. அதில் இரண்டு ஸ்குரூ. கழற்றியதும் ரெசிஸ்டர் கைக்கு வந்துவிட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு சுருள் கறுத்து அறுந்திருந்தது.

அப்பா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

நான் ஒன்றும் பேசவில்லை.

"இதுக்கோ முழு டாஷ்போர்ட் எண்டவங்கள்?"

புதியதின் விலை 38 டொலர். நான் உடனே பூட்டப் போனேன். அப்பா விடவில்லை. "பொறு. இது ஏன் எரிஞ்சது எண்டு முதலில கேள்."

அது நான் படித்ததில் அவ்வளவாக இல்லாத கேள்வி. ரெசிஸ்டர் ஏன் அந்தக் கூட்டுக்குள் இருக்கிறது? விசிறியின் காற்று பட்டு அது குளிரவேண்டும் என்பதற்காக. காற்று குறைந்தால் அது வெந்துவிடும். அல்லது மோட்டர் தேய்ந்து இறுகினால் அது கூடுதல் மின்சாரத்தை இழுக்கும், அப்போதும் வேகும். அந்த நிலையில் புது ரெசிஸ்டர் போட்டாலும் அது மறுபடி எரியும், கடைசியில் மோட்டரே நின்றுவிடும். அப்பாவின் காரில் மூன்று வின்டராக நடந்தது அதுதான் போலிருக்கிறது. 4இல் மட்டும் சுற்றியது ஒரு எச்சரிக்கை. யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை.

வடிகட்டியை இழுத்தோம். மேப்பிள் இலையும் விதையும் தூசியும் சேர்ந்து ஒரு மெத்தையாக இருந்தது. நான் கார் வாங்கி ஐந்து வருடம், ஒருநாளும் அதைப் பார்க்கவில்லை. இதை இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பிறகு மோட்டரையும் இறக்கி, அப்பா விரலால் சுற்றி, காதுக்குக் கிட்ட வைத்துக் கேட்டார். எஞ்சினைக் கேட்கிற அதே முகம். "இது நல்லாயிருக்கு." பிளக்கின் பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. புது வடிகட்டி, புது ரெசிஸ்டர். முழு வேலையும் ஒன்றரை மணித்தியாலம், அதில் அரை மணித்தியாலம் விழுந்த ஸ்குரூ ஒன்றைத் தேடினோம்.

(தானியங்கி வெப்பக் கட்டுப்பாடு உள்ள கார்களில் கம்பிச் சுருளுக்குப் பதிலாக இலத்திரனியல் பாகம் ஒன்று இருக்கும். அது பழுதானால் அறிகுறிகள் இப்படியே வராது.)

அப்பாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முன் கண்ணாடிக்குக் காற்றை விட்டால் ஏசி விளக்கு ஏன் எரிகிறது? வின்டரில் எதற்கு ஏசி? நான் சொன்னேன்: ஏசி காற்றைக் குளிர்விக்கும்போது அதில் உள்ள ஈரம் சுருளில் படிந்து வடிந்துவிடும். பிறகு ஹீற்றர் அதைச் சூடாக்கும். காய்ந்த சூட்டுக் காற்று கண்ணாடியை உடனே தெளிவாக்கும். கடும் குளிரில் கம்ப்ரசர் ஓடாது, ஆனால் அப்போது வெளிக்காற்றே காய்ந்துதான் இருக்கும். அதனால் உள்காற்றைச் சுற்றவிடும் பொத்தானை வின்டரில் அமத்தி வைக்கக் கூடாது.

"அந்தக் காரில அந்தப் பொத்தானை எப்பவும் அமத்தித்தான் வைச்சிருந்தனான்," என்றார். "கெதியாச் சூடு வரும் எண்டு."

பற்றரியைப் பூட்டி, காரை ஸ்டார்ட் செய்தோம். அப்பா பக்கத்து சீற்றில் இருந்தார். விசிறியை அவரே திருப்பினார். 1. காற்று மெதுவாக வந்தது. 2. 3. பிறகு திரும்பவும் 1க்குக் கொண்டுவந்து விட்டார். இருவரும் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தோம். சாதாரணக் குரலில் கதைத்தோம், அம்மா சாப்பிடக் கூப்பிடும் வரை.

அறுந்த ரெசிஸ்டரை நான் எறியப் போனேன். அப்பா அதை வாங்கி, துடைத்து, ஆணி வைக்கிற போத்தலுக்குள் போட்டுக்கொண்டார்.